பிளக்-இன் சேர்ப்பதோடு வேலை முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நிரலில் ஒவ்வொரு மாற்றம் சேரும்போதும் அதைத் தானாகவே பில்ட் செய்து (இயங்கும் மென்பொருளாகக் கட்டி) சோதித்துப் பார்க்க, பல மென்பொருள் நிறுவனங்கள் ஜென்கின்ஸ் சர்வரை நம்பியிருக்கின்றன. 2011 வரை ஹட்சன் என்று அழைக்கப்பட்ட இந்த சர்வரின் மையப்பகுதி சிறியது. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டிலிருந்து (Git) நிரலை எடுப்பது, பைப்லைன் எனப்படும் பில்ட் படிகளின் வரிசையை ஓட்டுவது, நிறுவனத்தின் பயனர் கோப்பகமான எல்டாப் (LDAP) மூலம் உள்நுழைவது எல்லாம், பிளக்-இன்கள் எனப்படும் கூடுதல் நிரல்களின் வேலை. இந்தத் துறைக்குப் புதிதாக வரும் இளைஞர்களுக்கும், நான்கைந்து பேரை வைத்து நடத்தும் சிறு நிறுவனங்களுக்கும் பயன்படும் என்று இதை எழுதுகிறோம்.

பிளக்-இன் என்பது ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் துணைப்பொருள் அல்ல. சர்வர் ஓடும் அதே ஜாவா புராசஸுக்குள், சர்வருக்குள்ள எல்லா உரிமையோடும் அதுவும் ஓடுகிறது. கிளவுட் கணக்கின் கடவுச்சொல்லும் கிட் சாவியும் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே ஒன்றைச் சேர்க்குமுன் ஜென்கின்ஸ் தளத்தில் அதற்குள்ள பக்கத்தைப் படியுங்கள். கடைசி வெளியீடு எப்போது, சரிசெய்யப்படாத பாதுகாப்பு எச்சரிக்கை உண்டா, பராமரிப்பவர் இல்லாமல் வேறொருவர் 'தத்தெடுக்க' விடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வரி ஷெல் கட்டளையில் முடிகிற காரியத்துக்கு பிளக்-இன் வேண்டவே வேண்டாம். பல ஜாப்களில் (சர்வரில் அமைத்துவைத்த வேலைகளில்) ஒரே மாதிரி வரும் பைப்லைன் வரிகளுக்கு, அவற்றை ஓரிடத்தில் எழுதிப் பகிரும் ஷேர்டு லைப்ரரி போதும். அது கிட்டில் இருப்பதால் யார் எதை மாற்றினார் என்பதும் தெரியும்.

கோளாறு பெரும்பாலும் அப்டேட் செய்யும்போதுதான் வருகிறது. ஒரு பிளக்-இன்னைப் புதுப்பித்தால், அது சார்ந்திருக்கும் மற்றவையும் கூடவே புதுப்பிக்கப்படும். அவற்றில் ஒன்று ஏற்றப்படாமல் போனால், அதை நம்பியிருக்கும் அத்தனையும் வரிசையாக விழும். பைப்லைனில் 'நோ சச் டி.எஸ்.எல். மெத்தட்' (அப்படியொரு கட்டளை இல்லை) என்ற பிழை வந்தால், முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். இந்த நிலையில், படிவத்தை நிரப்பி அமைக்கும் பழைய வகை (ஃப்ரீஸ்டைல்) ஜாப் எதையும் திறந்து 'சேவ்' அழுத்தாதீர்கள். காணாமல் போன பிளக்-இன்னுக்கு உரிய அமைப்புகளை ஜென்கின்ஸால் படிக்க முடியாது. சேமித்த மறுகணம் அவை கோப்பிலிருந்தே போய்விடும்.

சர்வர் எழவே மறுத்தால், பிளக்-இன்கள் இருக்கும் கோப்புறையில் சிக்கலான பிளக்-இன்னின் முழுக் கோப்புப் பெயரோடு '.டிசேபிள்டு' என்று ஆங்கிலத்தில் சேர்த்து ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி, மறுபடி தொடங்குங்கள். அது மட்டும் முடங்கி, மற்றவை எழும். முந்தைய பதிப்புக்குத் திரும்ப 'டவுன்கிரேட்' பொத்தான் உண்டு. ஆனால் புதிய பதிப்பு அமைப்புக் கோப்பின் வடிவத்தை மாற்றியிருந்தால் பழையதால் அதைப் படிக்க முடியாமல் போகலாம். எனவே அப்டேட்டுக்கு முன், எல்லா அமைப்புகளும் இருக்கும் ஜென்கின்ஸ் ஹோம் கோப்புறை முழுவதையும் நகலெடுப்பது கட்டாயம். சேமித்த கடவுச்சொற்களைத் திறக்க உதவும் மாஸ்டர் சாவிக் கோப்பின் நகலை மட்டும் வேறிடத்தில் வையுங்கள். பூட்டையும் சாவியையும் ஒரே பெட்டியில் போடக் கூடாது.

ஜென்கின்ஸைத் தேவையானவற்றோடு ஒரே பொட்டலமாக (இமேஜ்) கட்டி டாக்கரில் ஓட்டுபவர்கள், பிளக்-இன் பெயரையும் பதிப்பு எண்ணையும் வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் எழுதி கிட்டில் வைத்து, இமேஜைக் கட்டும்போதே நிறுவிவிடலாம். சோதனை சர்வரில் ஓடிய அதே பட்டியல்தான் உண்மையான சர்வருக்கும் போகும். 2024 அக்டோபரில் வந்த 2.479.1 எல்.டி.எஸ். (நீண்டகால ஆதரவு) பதிப்பு ஜாவா 17-ஐக் கட்டாயமாக்கியது. இணையக் கோரிக்கைகளைக் கையாளும் சர்வ்லெட் அடித்தளத்தையும் மாற்றியது. அப்படிப்பட்ட மாற்றங்களின்போது இந்தப் பட்டியலின் அருமை தெரியும்.

இனி, சொந்தமாக பிளக்-இன் எழுதுபவர்களுக்கு. ஜாவா நிரலைக் கட்டும் மேவன் கருவியின் ஆர்க்கிடைப்பில் (மாதிரி வார்ப்பில்) எலும்புக்கூடு கிடைக்கும், 'எச்பிஐ:ரன்' கட்டளை கொடுத்தால் கையோடு ஒரு சோதனை ஜென்கின்ஸ் எழும். தொடங்குவது எளிதுதான். தவறு நடக்கும் இடம் ஒற்றை வரி: கடவுச்சொல்லை வைக்கும் புலத்தை 'ஸ்ட்ரிங்' (சாதாரண எழுத்துச் சரம்) என்று அறிவிப்பது. அப்படிச் செய்தால் அது ஜாபின் கான்ஃபிக் கோப்பில் அப்பட்டமாக எழுதப்படும். ஜென்கின்ஸ் பாதுகாப்பு அறிவிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் குறை இது. புலத்தின் வகை, மதிப்பை மறையாக்கிச் சேமிக்கும் 'சீக்ரெட்' என்றிருக்க வேண்டும். அதைத் திருப்பித் தரும் மெத்தடான கெட்டரின் வகையும் 'சீக்ரெட்' ஆகவே இருக்க வேண்டும். கெட்டர் 'ஸ்ட்ரிங்' ஆக இருந்தால், படிவப் பக்கத்தின் மூலநிரலில் கடவுச்சொல் தெரிந்துவிடும். அடுத்தது, 'டெஸ்ட் கனெக்‌ஷன்' பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் மெத்தட். அதில் அனுமதிச் சோதனையும், போஸ்ட் (POST) வகைக் கோரிக்கையாகவே வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லையென்றால், வெறும் பார்வை உரிமை உள்ளவர்கூட அந்த முகவரியை நேரடியாக அழைத்து, சேமித்த கடவுச்சொல்லைத் தன் சர்வருக்கு அனுப்ப வைக்க முடியும்.

ஏற்கெனவே எழுதி ஓடிக்கொண்டிருக்கும் பிளக்-இன்களையும் இன்றே சோதிக்கலாம். சர்வரில் ஜாபின் கான்ஃபிக் கோப்பைத் திறந்து பாருங்கள். நெளிவு அடைப்புக்குறிக்குள் நீண்ட, பொருளற்ற எழுத்துச் சரம் இருந்தால் சரி. படிக்க முடிகிற சொல் இருந்தால் சரியில்லை. வகையை 'சீக்ரெட்' ஆக மாற்றிய பிறகு, பிளக்-இன் சரியாக ஏற்றப்பட்டிருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, ஒவ்வொரு ஜாபையும் ஒருமுறை சேமிக்க வேண்டும். அதுவரை பழைய மதிப்பு அப்படியேதான் இருக்கும். பழைய நகல்களிலும் அது கிடக்கும் என்பதால், கடவுச்சொல்லையே மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளர்கள் சிலர்,
சென்னை.