ஸ்கேனைத் தள்ளிப்போடாதே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமானதில் ரொம்பச் சந்தோஷம். கண்புரை ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சரி, ஸ்கேன் விஷயம். சர்க்கரைக்காரன் சி.டி. ஸ்கேனுக்கு கான்ட்ராஸ்ட் ஊசி (படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் அயோடின் மருந்து) போட்டுக்கொண்டால் கிட்னி போய்விடும் என்று உன் மைத்துனர் சொன்னது முழுப் பொய்யில்லை, ஆனால் பழைய கணக்கு. அந்தக் காலத்து அயோடின் மருந்துகள் இன்றையதைவிடக் கடுமையானவை. அதோடு, ஸ்கேனுக்குப் பின் யாருக்கு ரத்தத்தில் கிரியாட்டினின், அதாவது கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு, ஏறினாலும் பழியை ஊசிமேல் போட்டுவிட்டார்கள். ஊசியே போடாத நோயாளிகளுக்கும் அப்படி ஏறுகிறது என்பது பிறகு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நரம்பில் போடும் இந்த ஊசியின் ஆபத்து மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களும் சிறுநீரக அமைப்பும் 2020இல் சேர்ந்தே சொல்லிவிட்டார்கள். கவனிக்க வேண்டியது முக்கியமாக, கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். எண் 30க்குக் கீழே உள்ளவர்களையும், ஏற்கெனவே கிட்னி திடீரென்று பாதிக்கப்பட்டவர்களையும். அவர்களுக்கும் கதவு மூடிவிடவில்லை. தேவை என்றால் சலைன் ஏற்றிவிட்டுச் செய்கிறார்கள்.

ஆகவே சர்க்கரை இருக்கிறதா என்பதைவிட, அது இத்தனை வருஷத்தில் கிட்னியை எவ்வளவு அரித்திருக்கிறது என்பதுதான் கேள்வி. கிரியாட்டினின் 1.3, நார்மல்தான் என்று எழுதியிருக்கிறாய். அதே 1.3 இருபத்தைந்து வயதுப் பையனுக்கு வேறு, நமக்கு வேறு. வயதையும் சேர்த்துக் கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு என்று கேள்.

சர்க்கரைக்கு விழுங்கும் மெட்ஃபார்மின் மாத்திரை கிட்னியைக் கெடுப்பதில்லை. கிட்னி தளர்ந்தால் அது உடம்பில் தேங்கி லாக்டிக் அமிலத்தைக் கூட்டிவிடலாம், அதனால்தான் ஸ்கேன் சமயத்தில் சிலரை நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தினால் ஸ்கேன் முடிந்து 48 மணி நேரம் கழித்து, ரத்தம் பார்த்தபின் திரும்பத் தொடங்குவது வழக்கம். நீயாக நிறுத்தாதே, நீயாகத் தொடங்கவும் செய்யாதே.

உண்மையைச் சொன்னால், உன் விஷயத்தில் எனக்கு ஊசியைவிட அந்த முழங்கால் வலி மாத்திரைதான் பயம். தினமும் விழுங்குகிறாயே, கிட்னிக்கு ரத்தம் போவதையே அது குறைக்கும். டாக்டரிடம் அதைச் சொன்னாயா, இல்லையா?

அன்புடன்,
ரங்கன்