ரோமர் ஒன்பதைக் கையில் எடுக்கும் இளம் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பிமாருக்கு, ஸ்தோத்திரம்.

கொஞ்ச காலமாக நம் வாலிபர் கூட்டங்களில் 17ஆம் நூற்றாண்டில் ஹாலந்தில் கூடிய டார்ட் சபை மாநாட்டின் ஐந்து போதனைகள் அதிகம் பேசப்படுகின்றன. நிபந்தனையற்ற தெரிந்துகொள்ளுதல் (யார் இரட்சிக்கப்படுவார் என்பதை மனிதனுடைய தகுதியைப் பார்க்காமல் தேவனே முன்குறிக்கிறார் என்பது), தடுக்க முடியாத கிருபை எல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அதைக் குறை சொல்ல வரவில்லை. "இன்றிரவு கை தூக்காவிட்டால் நாளை உன் கையில் இல்லை" என்று கன்வென்ஷன் மேடையில் மிரட்டுவதைக் கேட்டு அலுத்துப்போனவர்களுக்கு, இரட்சிப்பு தேவனுடைய வேலை என்று கேட்பதே பெரிய ஆறுதல். என் வருத்தமெல்லாம், அந்த மாநாடு எழுதியதில் பாதியை மட்டும் பிரசங்க பீடத்துக்குக் கொண்டுவருகிறீர்களே என்பதுதான்.

இந்தத் தெரிந்துகொள்ளுதல் போதனையை ஏற்காத டச்சு இறையியலாளர் ஆர்மீனியஸ் 1609இல் இறந்தார். அடுத்த ஆண்டு அவர் வழியில் நின்ற ஊழியர்கள் ஐந்து கூற்றுகளோடு ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். ஐந்து என்ற கணக்கே அங்கிருந்து வந்ததுதான். அதற்குப் பதில் சொல்ல 1618 நவம்பரில் ஹாலந்தின் டார்ட்ரெக்ட் நகரில் கூடியவர்கள், 1619 மே வரை உட்கார்ந்து பேசினார்கள். நடுவே ஜனவரியில் ஆர்மீனியஸ் வழிவந்தவர்களை அவைத்தலைவர் போகர்மன் திட்டி வெளியே அனுப்பிவிட்டார். பிறகு சுமார் 200 ஊழியர்களின் பதவி பறிபோனது. அவர்களுக்கு ஆதரவாக நின்ற முதிய அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட்டின் தலை அதே மே மாதத்தில் வெட்டப்பட்டது. அதில் அரசியல் பகை நிறையவே உண்டு. ஆனாலும் கிருபையைப் பற்றிய சண்டை அதோடு கலந்துதான் கிடந்தது.

இவ்வளவு கடுமையாக நடந்துகொண்டவர்கள் தங்கள் தீர்மானங்களின் முதல் அதிகாரத்தில் என்ன எழுதி வைத்தார்கள் என்று பாருங்கள். தெரிந்துகொள்ளுதலை ஏற்ற காலத்திலும் இடத்திலும் நிதானத்தோடு போதிக்க வேண்டும். உன்னதமானவரின் வழிகளைத் துருவிப் பார்க்கக் கூடாது. இது 14ஆம் பிரிவு. தன்னிடம் உறுதியான விசுவாசம் இன்னும் இல்லையே என்று தவிக்கிறவன், கைவிடப்பட்டவர்களோடு தன்னை எண்ணிக்கொள்ள வேண்டாம், வசனத்திலும் ஜெபத்திலும் தொடர்ந்து காத்திருக்கட்டும் என்கிறது 16. குழந்தையிலேயே இறந்துபோன தங்கள் பிள்ளையின் இரட்சிப்பைக் குறித்து விசுவாசப் பெற்றோர் சந்தேகப்படக் கூடாது என்கிறது 17.

இந்த மூன்றையும் உங்களில் ஒருவர்கூடப் பிரசங்கித்து நான் கேட்டதில்லை. ஆனால் "நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா, ஐயா?" என்று கேட்ட ஒரு பையனிடம், "கடைசிவரை நிலைத்திருந்தால் தெரியும்" என்று சொல்லி அனுப்பியதைக் கேட்டிருக்கிறேன். அவன் அன்றிரவு தூங்கியிருப்பானா? துக்க வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், தெரிந்துகொள்ளுதலைப் பேசும் ரோமர் 9ஐ விளக்க உட்கார்ந்ததையும் பார்த்திருக்கிறேன். டார்ட்டில் கூடியவர்களே அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று. மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவர் வெஸ்லி 1739இல் முன்குறித்தலை வெளுத்துவாங்கி ஒரு பிரசங்கம் செய்தார். முன்குறித்தலை நம்பிய அவருடைய உடன் ஊழியர் விட்ஃபீல்ட் சும்மா இருக்கவில்லை. 1740 டிசம்பர் 24 தேதியிட்டு ஜார்ஜியாவிலிருந்து பதில் கடிதம் எழுதி, அதை ஊரறிய அச்சிட்டார். அதுவும் ஒரு திறந்த மடல்தான்! மெதடிஸ்ட் இயக்கமே இரண்டாகப் பிரிந்தது. ஆனால் பிற்காலத்தில் இருவரும் ஒருவரையொருவர் தேடிப் போனார்கள். 1770இல் விட்ஃபீல்ட் அமெரிக்காவில் இறந்தபோது, அவர் விருப்பப்படியே லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. முன்குறித்தல் பக்கமே அவர் போகவில்லை. உத்தம விசுவாசிகளும் ஒத்துப்போகாத காரியங்கள் உண்டு, அவற்றில் அப்படியே இருந்துகொள்ளலாம் என்று சொல்லி நகர்ந்துவிட்டார். வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்டுகளும், முன்குறித்தலைப் போதித்த கால்வினின் வழிவந்த பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகளும், ஆங்கிலிக்கன் சபையும் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் சேர்ந்துதான் தென்னிந்தியத் திருச்சபை ஆனது. சேரும்போது இந்த வழக்கைத் தீர்த்துவிட்டா சேர்ந்தார்கள்?

சரி, கேட்க வந்தது இதுதான். அடுத்த வாலிபர் ரிட்ரீட்டில் ரோமர் 9ஐ எடுப்பதாக இருந்தால், 10ஐயும் 11ஐயும் சேர்த்தே எடுங்கள். ஒன்பதின் தொடக்கத்தில் தன் இனத்தாருக்காகப் பவுல் படும் வேதனையைத் தாண்டிவிட்டு நேராக, களிமண்ணைத் தன் இஷ்டப்படி வனையும் குயவனின் உவமைக்குப் போகாதீர்கள். பத்தில் "எவனோ அவன்" என்று எல்லோருக்கும் கதவு திறந்திருக்கிறது. அதையும் சத்தமாக வாசியுங்கள். கேள்வி நேரத்துக்குக் குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள். பயந்துபோய் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த 16ஆம் பிரிவைத் தமிழில் எழுதி, கையில் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிரசங்கங்களைப் பின் வரிசையிலிருந்து கேட்கும் ஒரு சபையான்