செருகியதையெல்லாம் நம்பும் கணினி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கணினிப் பாதுகாப்பு பற்றிய உங்கள் கட்டுரை போலி மின்னஞ்சல், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் நன்றாக விளக்கியது. ஆனால் நாம் செருகும் கருவியே எதிரியாக இருந்தால் என்ன செய்வது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

பென் டிரைவை ஸ்கேன் செய்துவிட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது போதாது என்பதை 2014இல் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் ஆகிய ஆய்வாளர்கள் ‘பேட் யூஎஸ்பி’ என்ற பெயரில் செய்துகாட்டினார்கள். பென் டிரைவுக்குள் அதை இயக்கும் சிறிய சிப் ஒன்று உண்டு. பல வகைப் பென் டிரைவ்களில் அந்தச் சிப்பின் ஃபர்ம்வேரை, அதாவது சிப்புக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருளை, மாற்றி எழுதிவிட முடியும். அப்படி மாற்றிவிட்டால் பென் டிரைவ் தன்னைக் கீபோர்டு என்று சொல்லிக்கொள்ளும். கணினியும் மறுபேச்சில்லாமல் நம்பிவிடும். அப்புறம் நாமே தட்டச்சு செய்வதுபோல அது கட்டளைகளை அனுப்பும். ஆன்டிவைரஸ் கோப்புகளைத்தான் சோதிக்கிறது, ஃபர்ம்வேர் அதன் கண்ணில் படாது. ஃபார்மட் செய்தாலும் அது அழியாது. இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவும் இல்லை. இப்படிப்பட்ட கருவிகள் நிறுவனங்களுக்குத் தபாலில் அனுப்பப்படுவதாக 2022இல் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது.

பல மடிக்கணினிகளில் உள்ள தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்புப் போர்ட்டில் ஆபத்து இன்னும் பெரியது. அதில் இணையும் கருவியால், பிராசஸரைக் கேட்காமலே கணினியின் நினைவகத்தைப் படிக்கவும் எழுதவும் முடியும். எந்தக் கருவி நினைவகத்தின் எந்தப் பகுதியைத் தொடலாம் என்று வரம்பு கட்டுவது ஐஓஎம்எம்யூ என்ற வன்பொருள் அமைப்பு. ஆனால் அது இருந்த கணினிகளிலும் இயங்குதளங்கள் அதைத் தளர்வாகவே பயன்படுத்தின என்பதை 2019இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் பங்கேற்ற ‘தண்டர்கிளாப்’ ஆய்வு காட்டியது. காவலாளியை நியமித்துவிட்டுக் கதவைத் திறந்தே வைத்ததற்குச் சமம் இது.

தற்காப்புக்கு வழி இல்லாமல் இல்லை. லினக்ஸில் யூஎஸ்பிகார்டு என்ற மென்பொருள், நாம் அனுமதித்த கருவிகளை மட்டும் உள்ளே விடும். 2022இல் வந்த ஆப்பிளின் இயங்குதளமான மேக்ஓஎஸ் வென்ச்சுரா, ஆப்பிள் சிப் உள்ள மடிக்கணினிகளில் புதிய கருவியைச் செருகியதும் அனுமதி கேட்கிறது. இந்தக் கேள்வி எல்லாக் கணினிகளிலும், வாங்கும்போதே இயக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. கீபோர்டு பழுதானால் புதியதை எப்படி அனுமதிப்பது என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வேறு கீபோர்டு இல்லாதபோது முதலாவதை ஏற்கலாம், இரண்டாவதாக ஒன்று வந்தால் கட்டாயம் கேட்க வேண்டும்.

தங்கள் கணினியில் ஐஓஎம்எம்யூ இயக்கத்தில் இருக்கிறதா என்று வாசகர்களே சரிபார்ப்பது எப்படி என அடுத்த இதழில் படிப்படியாக விளக்கிக் கட்டுரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்