ஆத்தாவையும் கூட்டிக்கொண்டு போ

சுங்கை சிப்புட், பேராக்
வெள்ளிக்கிழமை விடியற்காலை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்குக் கிடைத்தது. இந்தக் காலத்திலும் நான்கு பக்கம் பேனாவால் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்புகிறவள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். பேத்தி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு பாட்டி இவங்க?" என்றாள். "நானும் இவளும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால்வெட்டினோம்" என்றேன். நிரை என்றால் என்ன, பால்வெட்டு என்றால் என்ன என்று ஆரம்பித்துவிட்டாள். மர வரிசை, ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது என்று சொன்னாலும் புரியவில்லை. அவள் பிறந்து இதுவரை ரப்பர் மரத்தைப் பக்கத்தில் பார்த்ததில்லை. அதனால் போன ஞாயிறு மகளும் நானும் அவளைக் கோலகங்சாருக்குக் கூட்டிப் போனோம். 1877இல் கொண்டுவந்து நட்ட கன்றுகளில் மிஞ்சிய ஒரு மரம் அங்கே இன்னும் நிற்கிறதே, அதைக் காட்டினோம். அடிமரத்தில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். நம் அம்மா அப்பாவுக்கெல்லாம் சோறு போட்டது இந்த வம்சம்தானே.

வீட்டுச் சேதி சொல்கிறேன். அவருக்கு இப்போது பரவாயில்லை. வலது கை முழுசாக எழும்பவில்லை, ஆனால் இடது கையால் கரண்டி பிடித்துத் தானே சாப்பிடுகிறார். பேச்சும் முன்னைவிடத் தெளிவு. மாதம் ஒரு தரம் ஈப்போவுக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறோம். மூத்தவன் ஷா ஆலாமில் அதே வேலையில் இருக்கிறான். மகள் இதே தாமான் குடியிருப்பில் நாலு வீடு தள்ளி. டுரியான் இந்த வருஷம் நன்றாக விழுகிறது, விலையும் இறங்கியிருக்கிறது. உன்னை நினைக்காமல் ஒரு சுளை உள்ளே இறங்கவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கடைசிப் பக்கத்தில், இடம் பத்தாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தாய். தினமும் விளக்கேற்றுகிறேன், கண்ணை மூடினால் சாமி நினைப்பு வரவில்லை, மருமகன் பாலம் தாண்டிவிட்டானா, பிள்ளையின் பள்ளிச் சீருடை காய்ந்ததா என்றுதான் மனசு ஓடுகிறது, இந்த வயசிலாவது கடவுளோடு நெருங்கி இருக்க ஆசைப்படுகிறேன், உனக்கு மட்டும் எப்படி முடிகிறது என்று கேட்டிருந்தாய். நான்கு பக்கத்திலும் நீ கேட்க வந்தது இது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும்.

எனக்கும் முடியாமல் போன காலம் ஒன்று இருந்தது. அதை உன்னிடம்கூடச் சொல்லவில்லை.

போன வருஷம் தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தேன். அவருடைய இரத்த அழுத்தம் அடங்க வேண்டும் என்பதுதான் வேண்டுதல். வீடு திரும்பிய மூன்றாம் நாள் அவர் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். மருத்துவமனையில் விடிய விடிய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்ததும் சாமி மேடையின் திரையை இழுத்து மூடினேன். ஏழு மாதம் அந்தத் திரையில் நான் கை வைக்கவில்லை. மகள் வந்து விளக்கேற்றிவிட்டுப் போவாள். நான் அடுப்படியில் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

திரும்பி வந்தது எப்படி என்றால், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பால்வெட்டை விட்டு முப்பது வருஷம் ஆகியும் என் உடம்பு பெரட்டு நேரத்துக்குத்தான், விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் அந்த நேரத்துக்குத்தான் எழுந்துகொள்கிறது. உனக்கும் அப்படித்தானே? அன்றைக்கும் நாலரைக்கு எழுந்து அவருக்குக் கஞ்சி வைத்தேன். குருணை, நாலு பல் பூண்டு, கொஞ்சம் வெந்தயம். அப்போது அவருக்கு விழுங்கச் சிரமம், பருக்கை ஒன்றுகூட முழுசாகத் தொண்டைக்குப் போகக் கூடாது. கரண்டி நுனியில் ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தேன். நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. வெந்நீர் ஊற்றி மறுபடி கொதிக்கவிட்டேன். எடுத்து நசுக்கினேன், புள்ளி போகவில்லை. மூன்றாம் தரமும் நசுக்கிவிட்டு, "இன்னும் வேகல பாரு ஆத்தா" என்றேன். சொன்ன பிறகுதான் திடுக்கிட்டேன். அவர் உள்ளே தூங்குகிறார், அடுப்படியில் வேறு ஆள் இல்லை. என் வாயில் வந்தது என் அம்மாவின் குரல்.

அம்மா பால்வெட்டும்போது பேசிக்கொண்டே போவாளே, ஞாபகம் இருக்கிறதா? நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பால் பிடிக்கும் மங்கைத் துடைத்து வைத்துக்கொண்டு, மரத்துக்கு மரம் பேச்சு. மரத்தோடு பேசுகிறாள் என்றுதான் நாம் முதலில் நினைத்தோம். "மழையை நிறுத்தி வை ஆத்தா, நேத்தே வெட்டு இல்ல." "சின்னவளுக்கு இருமல் விடல, நீ என்ன பண்ணிக்கிட்டு இருக்க?" கேட்பது, திட்டுவது, சம்பளக் கணக்குச் சொல்வது எல்லாம் மாரியம்மனிடம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் அதிகம் பேச மாட்டாள். கும்பிட்டுவிட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். வாரம் முழுக்கப் பேசித் தீர்த்தாயிற்று, அங்கே போய் என்ன பேசுவது?

எழுத்தறியாதவளின் பழக்கம் என்று நான் அதைச் சின்னதாக நினைத்திருந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் தேவார வகுப்புக்குப் போகிறேன். அங்கே சுந்தரர் வரலாறு சொன்னார்கள். சிவனுக்கே தோழர் என்று பெயர் வாங்கியவர், தம்பிரான் தோழர். சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை விட்டுக் கிளம்பியதால் இரண்டு கண்ணும் போய்விட்டன. தப்பு தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் விடவில்லை. போகிற ஊரில் எல்லாம் நின்று பாடிக் கேட்டார், உரிமையோடு சண்டை போட்டார். முதலில் ஒரு ஊன்றுகோல் கிடைத்தது, காஞ்சிபுரத்தில் இடது கண் கிடைத்தது, திருவாரூரில்தான் வலது கண். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த ஏழு மாதம் நான் சண்டைகூடப் போடவில்லையே, பேச்சை அல்லவா நிறுத்திவிட்டேன்! பேசாமல் இருந்ததுதான் என்னை அரித்திருக்கிறது.

அதனால் நீ மனசு ஓடுகிறது என்று வருத்தப்படாதே. ஓடட்டும். அது ஓடுகிற இடத்துக்கு ஆத்தாவையும் கூட்டிக்கொண்டு போ. மருமகன் அந்நேரம் பாலத்தில் மோட்டார் சைக்கிளோடு நெரிசலில் நிற்பான் இல்லையா? அங்கேயே போய், "ஆத்தா, அந்தப் பிள்ளை ராத்திரி சரியாகத் தூங்கல, முன்னால லாரி போகுது, பாத்துக்க" என்று சொல்லு. சீருடை காயவில்லை என்றால் அதையும் சொல்லு. கவலையைத் துரத்திவிட்டு அப்புறம் சாமியைக் கூப்பிடலாம் என்று உட்கார்ந்தால் நம்மைப் போன்றவர்களுக்கு ஆயுசு பத்தாது. எனக்கு இது பழகவே இரண்டு மூன்று மாதம் ஆயிற்று. முதலில் கூச்சமாக இருந்தது, சும்மா முணுமுணுக்கிறோமோ என்று தோன்றியது. பிறகு, ஏதாவது நடந்தால் ஆத்தாவிடம் சொல்ல வேண்டும் என்று நாள் முழுக்க மனசு சேர்த்து வைக்க ஆரம்பித்தது. சாயங்காலம் அவருக்குக் காலில் எண்ணெய் தேய்க்கும்போது ஒவ்வொன்றாகச் சொல்வேன். நல்லதும் சொல்வேன். அவர் முதல் தடவை தானே சட்டைப் பொத்தான் போட்ட அன்றைக்கு, மகளுக்கு ஃபோன் போடுவதற்கு முன்னால் ஆத்தாவிடம்தான் சொன்னேன்.

ஒரே நாளில் நெருக்கம் வரவில்லையே என்று தவிக்காதே. பால்வெட்டுக்காரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதிகம் பால் வேண்டுமென்று ஆழமாக வெட்டினால் உளி உள்மரத்தில் பட்டுவிடும். காயம் ஆறும்போது பட்டை முடிச்சு முடிச்சாகிவிடும், பிறகு அந்த இடத்தில் உளி போகாது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அதற்குத்தானே அப்படித் திட்டுவார்? பட்டையை நகக்கனம் சீவினால் போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதே மரம், அதே கோடு. தைப்பூசத்துக்கு நான் போட்டது ஓர் ஆழ வெட்டு என்று இப்போது தோன்றுகிறது. விரதத்தைக் குறை சொல்லவில்லை, உடம்பு இடம் கொடுத்தால் வரும் வருஷமும் பால்குடம் எடுப்பேன். ஆனால் மற்ற முந்நூறு நாளும் முருகனிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, நாற்பத்தெட்டு நாளுக்குப் பதில் கேட்டு நின்றேன்.

என் அப்பாவையும் நினைத்துக்கொள்வேன். 1960இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், நம் ஊர்க்காரர், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். துண்டாடி விற்கும் தோட்டங்களைப் பாட்டாளிகளே சேர்ந்து வாங்க வேண்டும் என்று. அப்பா பங்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார். வாங்கிய தோட்டம் எதையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. ரசீதை மடித்து பிஸ்கட் டின்னில் போடுவார், அடுத்த சம்பளத்துக்கு மறுபடி கட்டுவார். அந்த முகத்தில் ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. விடியற்காலையில் உட்காரும்போது, ஒன்றும் தோன்றாத நாளில் எனக்கு அந்த டின்தான் ஞாபகம் வரும்.

இப்போது என் விடியற்காலை எப்படிப் போகிறது என்று சொல்கிறேன், இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. கஞ்சியை அடுப்பில் வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு பலகை போட்டு உட்கார்ந்து கண்ணை மூடுவேன். நம் தோட்டத்துக் கோயிலுக்கு நடப்பேன். தோட்டம் கைமாறியதும் பால்மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது, அப்புறம் செம்பனையும் போய் வீடுகள் வந்தன. அம்மனைப் பெயர்த்துக்கொண்டு போய்ப் புது இடத்தில் வைத்தோம். புதுக் கோயில் நன்றாகத்தான் இருக்கிறது, ஆடித் திருவிழாவுக்கு நீ வந்து பார்க்கத்தான் போகிறாய். ஆனால் அம்மா சாய்ந்து உட்கார்ந்த தூண் அங்கே இல்லை.

திருநின்றவூர்ப் பூசலார் கதை உனக்குத் தெரியும். கோயில் கட்டக் கையில் காசு இல்லை, மனசுக்குள்ளேயே அஸ்திவாரம் தோண்டி, கல் அடுக்கி, குளம் வெட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ ராஜாவும் அதே நாளைக் குறித்திருந்தார். சிவபெருமான் ராஜாவின் கனவில் வந்து, அன்றைக்கு எனக்குப் பூசலார் கோயிலில் வேலை இருக்கிறது, நீ வேறு நாள் வைத்துக்கொள் என்றாராம். சின்ன வயசில் கதையாகக் கேட்டேன். இப்போது அந்தக் கோயில் எனக்கு வேண்டியிருக்கிறது.

தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தின் கடைசி வீட்டிலிருந்து கிளம்புவேன். வாய்க்கால் மேல் போட்ட பலகை, ஒரு பக்கம் ஆடும். அப்புறம் பந்துத் திடல், பனியில் புல் பாதத்தில் ஒட்டும். வேப்பமரம். மரத்தடியில் எலுமிச்சம்பழம் குத்திய சூலம். தகரக் கூரைக்குக் கீழே சிமெண்டுத் தரை, காலையில் சில்லென்று இருக்கும். அப்புறம் மஞ்சள் பூசிய அந்த முகம். பாதி வழியில் மருந்துச் சீட்டு நினைப்பு வந்தால் அதையும் கையில் எடுத்துக்கொண்டு நடப்பேன். சில நாள் திடலுக்குப் போகும்போதே கஞ்சி பொங்கிவிடும், எழுந்து போய்விடுவேன். மறுநாள் திடலிலிருந்தே தொடங்குவேன். முகம் வரை போய்ச் சேரும் நாளில் ஒன்றும் கேட்கத் தோன்றாது. அம்மாவைப் போல உட்கார்ந்துவிடுவேன்.

ஒரே ஒரு இடத்தில் எனக்குத் தடுக்கிறது. மணி. ஓர் ஆடி மாதம் கயிறு அறுந்துபோய், நீ என் தோள்மேல் ஏறி நின்று புதுக் கயிறு கட்டினாய். உன் பாதத்து மண்ணெல்லாம் என் தாவணியில். அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் மணி வேப்பமரத்துப் பக்கம் தொங்கியதா, கிணற்றுப் பக்கமா? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஒரு நாள் இந்தப் பக்கம் வைக்கிறேன், ஒரு நாள் அந்தப் பக்கம் வைக்கிறேன், இரண்டும் சரியாகப் படவில்லை. மேலே இருந்து பார்த்தவள் நீ. எந்தப் பக்கம் என்று எழுது.

உன் பக்கத்து நிரைக்காரி