தசமபாகம்: ஞாயிறு வேத ஆராய்ச்சிக்கு முன்

அன்பான சகோதர சகோதரிகளே, ஸ்தோத்திரம்.

தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கர்த்தருக்குக் கொடுப்பது, இன்றும் கட்டாயமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஞாயிறு மாலை இதையே ஆராய்வோம். "தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள்" என்னும் மல்கியா 3:10-ஐ மட்டும் படித்துவிட்டு வராதீர்கள். உபாகமம் 14:22-29 அவசியம். அங்கே பத்தில் ஒன்று என்பது தானியம், திராட்சரசம், எண்ணெய். மூன்றாம் வருடத்தில் அது லேவியனும் (ஆலய ஊழியம் செய்யும் கோத்திரத்தான்) பரதேசியும் (அந்நியன்) திக்கற்ற பிள்ளையும் விதவையும் வயிறார உண்பதற்கு.

சபைகளுக்கு எழுதிய எந்த நிருபத்திலும் பவுல் பத்து சதவீதம் விதிக்கவில்லை. "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்கிறார் (2 கொரிந்தியர் 9:7). எனவே சட்டமாக அது நம்மேல் இல்லை என்பதே என் கருத்து. ஆனால் தன்னிடம் இருந்த இரண்டு காசையும் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்ட சுவிசேஷத்து விதவையை நினைத்தால், பத்தோடு நிறுத்திக்கொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை.

கடனில் இருப்பவர்கள் கூச்சப்பட்டு வராமல் இருந்துவிடாதீர்கள். உங்களை நினைத்தே இதை எடுத்தோம். மத்தேயு 23:23-இல் தசமபாகத்தையும் விடக்கூடாது என்று இயேசு வேறு மாதிரி சொல்கிறாரே என்பவர்கள் அதையும் கொண்டுவாருங்கள்.