பீடி குடிக்காதவரின் கால் அடைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இதய நோய் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். உப்பு, எண்ணெய், புகை, சர்க்கரை எல்லாம் இருந்தன. ஈயம் இல்லை.

என் கணவர் கடலூர் முதுநகரில் பேட்டரி பட்டறை வைத்திருக்கிறார். லாரிக்கும் விசைப்படகுக்கும் உள்ள பேட்டரிகளைப் பிரித்து, பிளேட் மாற்றி, ஈயம் காய்ச்சி டெர்மினல் வைப்பது இளவயதிலிருந்தே அவருக்குத் தொழில். இப்போது தெருமுனை வரை நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. காலுக்குப் போகும் தமனியில் அடைப்பாம். பார்த்த மருத்துவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "பீடியா, சிகரெட்டா?" இரண்டும் இல்லை என்றால் நம்பாமல் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அடுத்த பழி என் எண்ணெய்க் கரண்டிக்கு. என்ன தொழில் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஈயம், காட்மியம், ஆர்சனிக் மூன்றும் இதயத்துக்கும் இரத்தக்குழாய்க்கும் கேடு என்று அமெரிக்க இதயச் சங்கம் 2023-இல் அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. ஈயம் குழாயின் உட்சுவரைக் கெடுக்கிறது. குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கிறது. அழுத்தம் ஏறுகிறது, கொழுப்பு படிய இடம் கிடைக்கிறது. உள்ளே போன ஈயம் எலும்பில் பல்லாண்டுகள் தங்கி, வயதாகி எலும்பு தேயும்போது மீண்டும் இரத்தத்தில் இறங்குகிறது. தைவானில் ஆர்சனிக் கலந்த ஆழ்கிணற்று நீரைக் குடித்தவர்களுக்குக் கால் கறுத்து அழுகியது பழைய செய்தி.

என் கணவருக்கு ஈயம்தான் காரணம் என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. அவருக்குச் சர்க்கரையும் உண்டு. கேட்டால்தானே தெரியும்?

உறவினர் ஒருவர், நரம்பில் மருந்து ஏற்றி ஈயத்தை இறக்கிவிடலாம், அடைப்பும் கரையும் என்கிறார். மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகளிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் இதைச் சோதித்து 2024-இல் முடிவு வெளியிட்டார்கள். இரத்தத்தில் ஈயம் பாதிக்கு மேல் குறைந்தது, மாரடைப்பு குறையவில்லை. ஆகவே உள்ளே போகாமல் தடுப்பதுதான் வழி.

கடலூரில் மாசு என்றாலே சிப்காட் தொழிற்பேட்டைதான் பேச்சு. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நம் ஊரைக் கடுமையாக மாசுபட்ட பகுதிகளில் சேர்த்தது, பேசத்தான் வேண்டும். ஆனால் தகரக் கூரைக்கடியில் ஈயம் காய்ச்சுகிறவர்களுக்கு எந்தப் புகைபோக்கியும் இல்லை, போராட்டமும் இல்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் சகோதரி சர்க்கரையும் அழுத்தமும் பார்த்து மாத்திரை தருகிறார், பெரிய உதவி. அவர் கையிலுள்ள பதிவேட்டில் தொழிலுக்கும் ஒரு கட்டம் போடட்டும். பேட்டரி, பெயிண்ட், பழைய இரும்பு என்று வந்தால், இரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் சோதனையை அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்யட்டும். பட்டறையில் கை கழுவத் தண்ணீரும் சோப்பும், சாப்பிடத் தனி இடமும் இருக்கிறதா என்று அதிகாரிகள் வந்து பார்க்கட்டும். வேலைச் சட்டையைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது என்று வீட்டுப் பெண்களுக்கும் சொல்லட்டும்.

எங்கள் பட்டறையில் இப்போது இரண்டு பையன்கள் வேலை பார்க்கிறார்கள். இருவருக்கும் 25 வயது ஆகவில்லை. சோதனையை அவர்களிடமிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
பேட்டரிக் கடைக்காரரின் மனைவி,
கடலூர் முதுநகர்.