மணலை மட்டும் எடுத்துப் போகவா வருகிறீர்கள்?

ஒன்றிய அணுசக்தித் துறைக்கும் தமிழ்நாடு அரசின் தொழில்துறைக்கும் வணக்கம்.

2026 ஒன்றிய பட்ஜெட்டில் அரிய மண் தாதுக்களுக்கான வழித்தடம் அமைக்க ஒடிசா, கேரளா, ஆந்திராவோடு தமிழ்நாட்டையும் சேர்த்தார்கள். இந்தத் தாதுக்கள் கிடைப்பது கடற்கரை மணலில். அதனால் எங்கள் ராமநாதபுரத்துக் கரையிலும் காதுகள் விடைத்துக்கொள்கின்றன.

தேவை புரியாமல் இல்லை. 2025 ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் வாகன நிறுவனங்கள் திண்டாடின. ஓசூரில் தயாராகி இறங்கும் மின்சார ஸ்கூட்டரின் மோட்டாருக்குள்ளும் அரிய மண் தனிமங்களால் செய்த காந்தம்தான். அதே ஆண்டு நவம்பரில் 7,280 கோடி ரூபாயில் காந்தத் தயாரிப்புத் திட்டத்துக்கு ஒப்புதலும் தந்தாகிவிட்டது. சரி, அந்த ஆலைகள் எங்கே வரும்?

கேட்பதற்குக் காரணம் உண்டு. மணலைத் தோண்டிக் கழுவி, அரிய மண் தனிமங்கள் அடங்கிய மோனசைட் கனிமத்தைப் பிரிப்பதில் வேலையும் குறைவு, காசும் குறைவு. மோனசைட்டை உடைத்து, அதிலிருக்கும் கதிரியக்கத் தோரியத்தை ஒதுக்கி, காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம், பிரசியோடிமியம் என்ற அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுத்து, உலோகமாக்கிக் காந்தமாக்கும்போதுதான் மதிப்பு ஏறுகிறது. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் பல பத்தாண்டுகளாக மணல் எடுக்கிறார்கள். வேதிப் பிரிப்பு ஒடிசாவிலும் கேரளத்தின் ஆலுவாவிலும், காந்த ஆலை விசாகப்பட்டினத்தில். குழி ஓர் ஊருக்கு, கூலி இன்னோர் ஊருக்கு என்கிற கணக்கை இங்கேயும் எழுதாதீர்கள்.

அதைவிடப் பெரிய கவலை தண்ணீர். மழை பொய்த்த ஆண்டுகளில் இந்த மாவட்டத்தில் குடத்தோடு அலைந்தவர்களுக்கு மணல்மேடு என்பது வெறும் மணல் இல்லை. மேட்டில் இறங்கும் மழைநீர், அடியிலிருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காகத் தங்குகிறது; ஊற்று தோண்டினால் கிடைப்பது அதுதான். கனிமம் எடுத்தபின் மீதி மணலைத் திரும்பக் கொட்டிவிடுவோம் என்பீர்கள். கொட்டலாம். அந்த நன்னீர் அடுக்கும் திரும்ப வருமா என்று யார் எங்களுக்குச் சொல்வது? கரையை ஒட்டி மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் வேறு, 1986 முதல் தேசியப் பூங்கா.

இதையெல்லாம் கேட்கிற இடம் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். மோனசைட் போன்ற அணுக்கனிமங்களின் சுரங்கங்களுக்கு அதுவே வேண்டாம் என்று 2025 செப்டம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்குக் கொடுத்துவிட்டது. மாநில அரசு அதை எதிர்த்து எழுதியது நல்லது. ஆனால் விலக்கு என்றால் கூட்டம் நடத்தக் கூடாது என்று பொருளில்லையே?

ஆகவே, இந்தக் கரையில் ஒரு பிடி மணல் எடுக்கும் முன் சாயல்குடியிலும் கீழக்கரையிலும் நீங்களாகவே கூட்டம் வையுங்கள். நிலத்தடி நீர் ஆய்வைத் தமிழில் முன்கூட்டியே கொடுங்கள். எந்த ஆலை, எந்த ஊரில் என்பதை எழுத்தில் கொண்டுவாருங்கள். ஏப்ரல் 15க்குப் பிறகு, மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்தால் விசைப்படகுக்காரர்களும் வந்து உட்கார முடியும்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் கடற்கரைவாசி ஒருவர்